உலகம் அழிந்த பிறகும் சலவை உண்டு

பிப்ரவரி 3

அன்பு வாலுவுக்கு,

நெடுநாள் யோசித்து, எல்லாத் தரப்பு நியாயங்களையும் காதுகொடுத்துக் கேட்டு, சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: சினிமா பார்ப்பது. முடிவை முதலில் இஸ்திரி அக்காவிடம் அறிவித்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா அண்ணே?" என்று கேட்டார். அடுத்து எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக்காரருக்குத் தெரிவித்தேன். அவர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து எழுந்து நின்றார். பிறகு கடைக் கதவில், "இன்று மாலை துணி வாங்கப்படாது" என்ற பலகையைத் தொங்கவிட்டேன். அந்தப் பலகை கடைசியாக எப்போது தொங்கியது என்பது உனக்குத் தெரியும்.

பார்த்தது நீ வேலை செய்த படம். நான் காலமெல்லாம் ஊரார் துணியிலிருந்து அழுக்கை எடுத்து உன்னைப் படிக்கவைத்தேன். நீ படித்து முடித்து, புதுத் துணியில் அழுக்கு வைக்கும் உத்தியோகத்தில் சேர்ந்தாய். இதை வாடிக்கையாளர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சினிமாவில் உடைப் பிரிவு" என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். என்னதான் செய்கிறாய் என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

உலகம் அழிந்திருந்தது. எதனால் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் தோல் கோட்டு போட்டிருந்தார்கள். மாடு இல்லை, தையல்காரர் இல்லை, கோட்டு மட்டும் எல்லாருக்கும் அளவாக இருந்தது. கதாநாயகன் வாயைத் திறந்ததே மூன்று தடவை. மூன்றிலும் "போ" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை, சித்தப்பா, மச்சான் என்று எவரும் பிழைக்கவில்லை; உறவுமுறைகள்தான் முதலில் அழிந்தன போலிருக்கிறது. உடைந்த பாலம், உடைந்த ஜன்னல், உடைந்த நாற்காலி. இத்தனை பேர் சும்மாத்தானே திரிகிறார்கள், ஒருத்தனாவது அந்த நாற்காலிக்கு ஓர் ஆணி அடிக்கலாம் இல்லையா?

அதுகூடப் போகட்டும். படம் முழுக்க ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள், சுட்டுக்கொள்கிறார்கள், செத்து விழுகிறார்கள். ஒருவர்கூடச் சட்டையைக் கழற்றி இரண்டு அலசு அலசவில்லை.

நம் தெருவில் வெள்ளம் வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்த மறுநாள் கடை வாசலில் வரிசை நின்றது. கூரை பறிபோன ஒருவர் என்னோடு கால்சட்டை மடிப்புக்காகச் சண்டை போட்டார். "நேத்து மொட்டை மாடியில படுத்துக் கிடந்தேன்தான். அதுக்காக ரெண்டு மடிப்பு விழுந்த பேன்ட்டோட போய் நிவாரணம் கேக்கச் சொல்றீங்களா?" என்றார். நான் நேரில் பார்த்த உலக அழிவு அப்படித்தான் இருந்தது. உங்கள் இயக்குநருக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வெளியே வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

உன் பெயர் வரும் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அது வருவதற்குள் திரையை அணைத்துவிட்டு, பெருக்குவதற்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

போனில் பேசினால் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்தின்படி இதை எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படப்பிடிப்புத் தளத்தில், எரிந்துபோன பேருந்துக்குள் உட்கார்ந்து படித்தேன். பேருந்தை எரித்தவர் பக்கத்தில்தான் இருந்தார். சத்தமாக வாசித்துக் காட்டினேன். தோல் கோட்டு விஷயத்தில் அவர் உங்கள் கட்சியாம்.

நீங்கள் படம் பார்த்தீர்கள் என்பதை நம்ப எனக்கு அரை நாள் ஆயிற்று. இப்போது பதில் சொல்கிறேன்.

நல்லபடியாக முடிகிற படங்களில் கடைசியில் குடும்பமெல்லாம் சேர்ந்து நின்று சிரிக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஊரிலேயே நம் வீடு மட்டும்தான் இப்படி என்று தோன்றும். எங்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதே ஆச்சரியமாக இருக்கிறது. நீங்களே தெருவிளக்கை நின்று பார்த்திருக்கிறீர்கள். அதற்குத்தான் அத்தனை பேரும் காசு கொடுத்து இருட்டில் வந்து உட்காருகிறார்கள். இன்னொன்று, எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு வருகிற கோபம் உங்களுக்குத் தெரியும். சரியாகாது, இப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு மரியாதை.

அழுக்கு சும்மா வைப்பதில்லை அப்பா. இப்போது எடுக்கிற படத்தில் கதாநாயகி ஒரு கோட்டு போட்டிருக்கிறாள். (ஆமாம், தோல்தான்.) அதன் வலது தோள் மட்டும் தேய்ந்திருக்கும். அவள் குழந்தையை அந்தப் பக்கம்தான் தூக்குவாள். குழந்தை படத்தில் வராது. கதை தொடங்குவதற்கு முன்பே இறந்துவிட்டது. வசனத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. தோள் சொல்கிறது. அதைத் தேய்க்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

துவைக்கிற விஷயம் எனக்கும் உறுத்தல்தான். இயக்குநரிடம் கேட்டேன். "துவைச்சா நம்பிக்கை வந்துரும்மா" என்றார். எங்கள் படங்களில் நம்பிக்கைக்கு அனுமதி இல்லை.

முக்கியமான சமாச்சாரம். படம் பாதி முடிந்திருக்கிறது. மீதிப் பாதி அடுத்த மாதம் நடுவில் தொடங்கும். அதுவரை உடைகளை வைக்க இங்கே இடம் இல்லை, கிடங்கு ஒழுகுகிறது. நம் கடையின் உலர்த்தும் அறையைவிட ஈரம் அண்டாத இடம் எனக்குத் தெரியாது. ஆகவே இன்று காலை ஒரு தகரப் பெட்டியை உங்கள் விலாசத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டேன்.

அப்பா, அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். உதற வேண்டாம், தட்ட வேண்டாம், வெயிலில் போட வேண்டாம். முன்பாதியில் எந்தக் கறை எங்கே இருந்ததோ, பின்பாதியிலும் அங்கேயே இருக்க வேண்டும். முதல் தடவையாக இயக்குநர் முழுப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்திருக்கிறார். கறை இடம் மாறினால் என்னையும் மாற்றிவிடுவார்.

லாரி நாளைக்கே வந்துவிடும். தபால் வழக்கம்போல நாலைந்து நாள் எடுக்கும். போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் போட்ட சட்டத்தை நானே மீறுவானேன் என்று விட்டுவிட்டேன். அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

உங்கள் வாலு


பிப்ரவரி 12

அன்பு வாலுவுக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. மூடியில் உன் கையெழுத்து. உள்ளே கடிதம் இல்லை. தேவையும் இல்லை, புரிந்துகொண்டேன். என் கடிதம் உன்னை எங்கோ தொட்டிருக்கிறது.

வீட்டை விட்டுப் போன பிறகு நீ ஒரு கைக்குட்டையைக்கூட என்னிடம் கொடுத்ததில்லை. விடுமுறைக்கு வந்தாலும் குளியலறையில் நீயே துவைத்து, என் கண்ணில் படாமல் ஜன்னலில் காயப்போடுவாய். சலவைக் கடை நடத்துகிறவனுக்கு இது பெருமை இல்லை என்பதை நான் சொன்னதில்லை. இப்போது ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறாய். அதனால் மற்றவர்கள் துணியையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இதில் இறங்கினேன். பள்ளித் தலைமையாசிரியரின் மேல்கோட்டு இன்னும் மூலையில் கிடக்கிறது. நேற்று வந்து கேட்டார். "என் மக துணி அனுப்பியிருக்கா சார், நாளைக்கு வாங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பெட்டியைத் திறந்ததும் இஸ்திரி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். "அண்ணே, இதெல்லாம் போட்டுக்கிட்டு இருந்தவங்க உசுரோட இருக்காங்களா?"

"இருக்காங்க. சம்பளம் வாங்குறாங்க."

"சம்பளம் வாங்கியுமா இப்படி?"

உன் கறைகள் லேசுப்பட்டவை அல்ல. கரி, மெழுகு, செங்கல் தூள், தேயிலைச் சாயம், அடுக்கடுக்காக வைத்திருக்கிறாய். ஒன்றை எடுத்தால் அடியில் இன்னொன்று. எந்த அடுக்குக்குப் பிறகு எந்த அடுக்கு என்று பிடிபட்டதும் எனக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. கறையை எடுக்கும்போதுதான் அதை வைத்தவர் கை தெரியும். நல்ல கை. யாரிடம் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முப்பத்தெட்டு உருப்படிகளும் துவைத்தாயிற்று. அறுந்த பொத்தான்களைத் தைத்து, ஓட்டைகளுக்கு இழையோட்டி, கஞ்சி போட்டு, மடிப்பெடுத்து, வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு தோல் கோட்டு மட்டும் கொஞ்சம் தொந்தரவு செய்தது. வலது தோள் வெளுத்துத் தேய்ந்திருந்தது. தேய்ந்ததை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சாயம் ஏற்றிச் சமன் செய்துவிட்டேன். இப்போது இரண்டு தோளும் ஒரே மாதிரி. கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு எந்தத் தோள் என்று கேட்டேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தும் அவரால் சொல்ல முடியவில்லை.

உலகம் அழிந்த பிறகு இவ்வளவு சுத்தமான ஜனங்களை நீ பார்த்திருக்கமாட்டாய்.

பெருமையோடு,
அப்பா


பிப்ரவரி 14

மகளுக்கு,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது.

என் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் உனக்கு இன்னும் வந்திருக்காது. வந்தால் உட்கார்ந்துகொண்டு படி.

சட்டத்தை மீறி இரண்டு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. இஸ்திரி அக்காவும் செய்து பார்த்தார்.

அப்பா


பிப்ரவரி 18

அப்பாவுக்கு,

நேற்றுப் போனில் நான் பேசியதில் மூன்று வார்த்தைகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதி அப்படியே நிற்கிறது.

உங்கள் கடிதத்தை அதே பேருந்துக்குள் உட்கார்ந்துதான் படித்தேன். இரண்டாவது பக்கத்தில் பேருந்தை எரித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "முப்பத்தெட்டுப் பேர்" என்றேன்.

அம்மா இறந்துபோன மூன்றாம் நாள் நான் தூங்கி எழுந்து வந்தபோது, சமையலறைக் கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்குகிற அவள் ஸ்வெட்டர் அங்கே இல்லை. வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை அடித்தது. அதற்குப் பிறகு வீட்டில் எந்த இடத்திலும் அம்மா இல்லை. தலையணை உறை, துண்டு, எல்லாம் பளபளவென்று இருந்தன. அழுக்காக்குகிற வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். "கலை ஆர்வம்" என்று சொல்லிவைத்தேன்.

இதை எழுதுவதால் எதுவும் திரும்பி வராது. கறையாவது வர வேண்டும். இயக்குநருக்கு இன்னும் தெரியாது. தெரியவும் போவதில்லை, ஏனென்றால் நாம் அதைத் திரும்ப வைத்துவிடப் போகிறோம். எனக்கு இங்கே மார்ச் தொடக்கம் வரை, இந்த உடைகள் வராத சில்லறை இரவுக் காட்சிகள், ஓர் அடி நகர முடியாது. என் உதவிக்கு இருந்த பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அதனால் நீங்கள்தான் செய்யப் போகிறீர்கள். இது வேண்டுகோள் இல்லை.

முன்பாதிப் புகைப்படங்களை இதோடு வைத்திருக்கிறேன். எதிர்காலம் இருட்டாக இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் கொள்கை. ஆகவே புகைப்படங்களிலும் பாதிதான் தெரியும். மீதிப் பாதி உங்கள் தலைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கறையையும் கையால் எடுத்தவர் நீங்கள்; எங்கே இருந்தது என்று மறந்திருக்கமாட்டீர்கள். முதலில் கஞ்சியைப் போக்குங்கள். முழங்கை, முழங்கால், பை ஓரம் எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு தேயிலைச் சாயம், காய்ந்த பிறகு மெழுகு, அதன்மேல் கரி. அவசரப்பட்டால் புது அழுக்கு மாதிரி தெரியும். எங்களுக்குத் தேவை பத்து வருஷ அழுக்கு. நீங்கள் தைத்த பொத்தான்களை அறுத்துவிடுங்கள். கத்தரியால் அல்ல, பிய்த்து.

வலது தோள் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மகள்


மார்ச் 2

அன்பு மகளுக்கு,

பலகை இந்த வருஷத்தில் இரண்டாம் தடவை தொங்குகிறது. "இயந்திரக் கோளாறு" என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சொன்னால் நம்பும்படியான காரணம் அது ஒன்றுதான் கிடைத்தது.

நான் வைத்த முதல் கறை சதுரமாக வந்தது. இரண்டாவது வட்டமாக வந்தது. ஓரமெல்லாம் அவ்வளவு சுத்தம். கறை வைத்த கையோடு இன்னொரு கை துணியை எடுத்து ஓரத்தைத் துடைத்துவிடுகிறது. நான் சொல்வதைக் கேட்பதில்லை. இஸ்திரி அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தள்ளுங்கண்ணே, நாலு பிள்ளை வளர்த்தவ நான்" என்று கரியைக் கையில் எடுத்தார். அரை மணி நேரத்தில் ஒரு கால்சட்டை பத்து வருஷம் வயதானது. அன்றிலிருந்து அவர்தான் தலைமை. எந்தக் கறை எங்கே என்று நான் சொல்வேன், எப்படி என்று அவர் சொல்வார்.

கண்ணாடிக்காரர் பின்வாசல் வழியாக வந்து பார்த்துவிட்டார். வெள்ளைச் சட்டை ஒன்றில் நான் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த நேரம்.

"என்னய்யா பண்றே?"

"அழுக்கு வைக்கிறேன்."

"தொழில் இவ்வளவு மந்தமா?"

விஷயத்தைச் சொன்னேன். உட்கார்ந்து பொத்தான்களைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். வாழ்க்கையில் இவ்வளவு திருப்தியாக ஒரு வேலை செய்ததில்லை என்றார்.

வலது தோள்தான் வரவில்லை. சாயத்தை எடுத்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்தது தேய்த்த மாதிரியே இருந்தது, தூக்கியது மாதிரி இல்லை. கடைசியில் கோட்டைப் போட்டுக்கொண்டு, சலவைச் சோடா மூட்டை ஒன்றை அந்தத் தோளில் வைத்து, பின்கட்டில் நடக்க ஆரம்பித்தேன். உன்னைத் தூக்கி நடந்த அதே இடம். காலையில் தொடங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் நடந்தேன். நடுவில் மூட்டை சரியும், ஏற்றிப் பிடிப்பேன். அப்போதுதான் எந்த இடம் தேயும் என்பது தெரிந்தது. நீ சரியான இடத்தில்தான் தேய்த்திருந்தாய். இஸ்திரி அக்கா எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "தூங்கிருச்சா?" என்றார்.

மறுநாளும் நடந்தேன். இப்போது வந்திருக்கிறது.

முப்பத்தேழு உருப்படிகள் தயார். முப்பத்தெட்டாவது, கோட்டுக்காரி உள்ளே போடுகிற சட்டை. அதைத் துவைத்தபடியே அனுப்புகிறேன். புகைப்படங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். எதிலும் அவள் கோட்டைக் கழற்றவில்லை, அந்தச் சட்டை ஓர் இடத்திலும் தெரியவில்லை. ஆகவே உன் முன்பாதிக்கு நஷ்டம் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டு வளர்த்தவள் தினமும் துவைத்திருப்பாள். குழந்தை போய்விட்டது என்பதற்காகக் கை நின்றுவிடாது. ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது. உங்கள் இயக்குநர் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு. இது வேண்டுகோள் இல்லை.

ஸ்வெட்டரைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

பெட்டி நாளை லாரியில் ஏறும். அதற்கு முன்பே வந்து சேரட்டும் என்று இந்தக் கடிதத்தை இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அப்பா


மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

யாருக்கும் தெரியவில்லை. இயக்குநர் கோட்டின் தோளைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, போன தடவைய விட இப்ப இன்னும் நல்லா இருக்கு, பழகப் பழகத்தான் வரும்" என்றார். இஸ்திரி அக்காவிடம் அவர் கால்சட்டைகள் தனியாகப் பாராட்டப்பட்டதாகச் சொல்லுங்கள்.

சட்டையைப் பற்றி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கரியைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பிறகு வைக்கவில்லை. கடைசிக் காட்சியன்று ஆற்றங்கரையில் நடிகை கோட்டைக் கழற்றிக் காட்டினார்.

"என்னம்மா இது, வெள்ளையா இருக்கு?"

"சட்டை சார்."

"சட்டைன்னு தெரியுது. எதுக்கு வெள்ளையா இருக்கு?"

"துவைச்சிருக்கா சார்."

"எப்ப துவைச்சா? நான் எடுக்கவே இல்லையே?"

"நீங்க எடுக்காதப்பதான் சார்."

நடிகை குறுக்கே வந்தார். "மூணு மாசமா இந்த ஆத்தங்கரையில அழுதுக்கிட்டே இருக்கேன் சார். ஒரு சட்டையாவது துவைச்சிருக்கேனேன்னு எனக்கே இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை எடுத்துவைப்போம், பிறகு வெட்டிவிடலாம் என்றார் இயக்குநர். அவள் கரையில் நின்று கோட்டைக் கழற்றிக் கீழே போடுகிறாள். உள்ளே வெள்ளைச் சட்டை. அவ்வளவுதான். எடுத்து முடித்ததும் பேருந்தை எரித்தவர் மூக்கைச் சிந்தினார்.

நீங்கள் திரும்ப வைத்த கறைகளில் எது நான் வைத்தது, எது நீங்கள் வைத்தது என்று தேடிப் பார்த்தேன். ஒரு பையின் ஓரத்தில் மட்டும் துடைத்திருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டேன்.

உங்கள் வாலு


நவம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

படம் வெளியாகிவிட்டது, நீங்கள் இன்னும் பார்த்திருக்கமாட்டீர்கள். கடைசிக் காட்சியை வெட்டவில்லை. பத்திரிகைகளில் எல்லாரும் சட்டையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஒருவர் அது மனித குலத்தின் சரணாகதிக் கொடி என்கிறார். இன்னொருவர் மறுபிறவி என்கிறார். ஆறு வருஷமாக அந்தச் சட்டை தன் மனதில் இருந்தது என்று இயக்குநர் பேட்டி கொடுத்திருக்கிறார். யாரும் சலவை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

பாராட்டு அவருக்கு நன்றாகவே பிடித்துவிட்டது. அடுத்த படத்திலும் உலகம் அழிகிறது. ஆனால் இந்தத் தடவை எல்லாரும் வெள்ளை உடுத்தி, தூசி இல்லாத அறைகளில் உட்கார்ந்து அழியப் போகிறார்கள். ஆகவே அழுக்குப் பிரிவு தேவையில்லை என்று நேற்றுக் கூப்பிட்டுச் சொன்னார். வருத்தமாகத்தான் சொன்னார். வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பதறாதீர்கள். உலகத்தை அழிக்க இன்னும் மூன்று இயக்குநர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதில் ஒருவர் வருஷத் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறார். அந்தக் கோட்டுத் தோளின் படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசை மேல் வைக்கப் போகிறேன். வேலையை வாங்காமல் எழுந்திருக்கப் போவதில்லை. இந்தத் தடவை யாராவது சிரிக்கவும் வேண்டும், ஓர் அத்தையாவது பிழைத்திருக்க வேண்டும் என்றும் கேட்டுப் பார்ப்பேன்.

அதுவரை வீட்டுக்கு வருகிறேன். பதினைந்தாம் தேதி காலை வண்டி.

இன்று ஒரு பெட்டியை லாரியில் ஏற்றியிருக்கிறேன். அதில் இருப்பது படத்துணி இல்லை. என் துணி. நான் உடுத்துகிறது. கழற்றியபடியே மடித்து வைத்திருக்கிறேன், ஒன்றையும் நான் துவைக்கவில்லை. நான் வருவதற்குள் துவைத்து வையுங்கள் அப்பா. கஞ்சி வேண்டாம்.

வாலு


நவம்பர் 9

அன்பு வாலுவுக்கு,

பலகை மூன்றாம் தடவை தொங்கியது. இஸ்திரி அக்காவும் கண்ணாடிக்காரரும் கூட வந்தார்கள். கண்ணாடிக்காரர் படம் முழுக்க, "அந்தப் பொத்தான் நான் பிய்ச்சது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் இடைவேளையில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

படம் இருட்டு. இந்தத் தடவையும் நாற்காலிக்கு யாரும் ஆணி அடிக்கவில்லை. ஆனால் வலது தோள் வருகிற இடத்திலெல்லாம் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குழந்தையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பெண்மணி, "பிள்ளைக்காரி போல" என்று மெதுவாகச் சொன்னார். நீ எழுதியது சரிதான். அந்த மாதிரிப் படங்களில் ஏதோ இருக்கிறது. என்ன என்று சொல்லத் தெரிந்தால் எழுதுகிறேன்.

கடைசியில் அவள் கோட்டைக் கழற்றினாள். பிறகு எங்கிருந்தோ ஒரு குரல், "அட, துவைச்சிருக்கா" என்றது. எங்கள் மூன்று பேரில் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தேன், முன்பின் தெரியாத ஆள்.

இந்தத் தடவை திரையை அணைக்கிறவரிடம் முன்கூட்டியே போய்ப் பேசிவைத்திருந்தேன். பெயர்கள் எல்லாம் ஓடி முடிகிற வரைக்கும் விட்டார். உன் பெயர் வந்தது. இஸ்திரி அக்கா எழுந்து நின்றார். நானும் நின்றேன்.

தலைமையாசிரியர் உன்னை விசாரித்தார். "அழுக்கு வைக்கிற வேலை சார்" என்று சொன்னேன். எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்டார். "வீட்டுல" என்றேன்.

முந்தாநாள் லாரியில் ஒரு தகரப் பெட்டி வந்தது. மூடியில் உன் கையெழுத்து. மேலே கடிதம் ஒட்டவில்லை, தபாலிலும் உன்னிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. "தொறந்துதான் பாப்பமே அண்ணே" என்கிறார் இஸ்திரி அக்கா. கண்ணாடிக்காரரும் அவர் பக்கம்தான். பெட்டியை உலர்த்தும் அறையில் ஓர் ஓரமாக வைத்து, மேலே ஒரு விரிப்பைப் போட்டு, தொடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

திறக்கவில்லை.

அப்பா